பொடிக்கு அஞ்சாத பேன்

பனையேந்தல்
18-5-1958

முத்தழகுக்கு மலையாண்டி எழுதிக்கொண்டது.

நீயும் மகள் செவ்வந்தியும் பாம்பனில் பிழைப்பு நடத்தி வருவதாக, மண்டபத்துக்கு விறகு வண்டி ஓட்டும் சின்னக்கருப்பன் சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான். மூன்று வருஷமாக எழுதாத அண்ணன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது.

நீ போன பிறகு நான் கோழிப்பண்ணையைப் பெரிதாக்கிவிட்டேன். நாட்டுக்கோழியை எல்லாம் தள்ளிவிட்டு, பிளாக் ஆபீஸ் மூலமாக வெள்ளைச் சீமைக்கோழி இறக்கினேன். பனஞ்சட்டமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய கூடு, தேவிபட்டினம் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். ‘முன்மாதிரிப் பண்ணை’ என்று பிளாக்கிலிருந்து பலகை வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் மதுரையிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். போட்டோ எடுப்பார்களாம்.

இந்த நேரத்தில் பேன் வந்து உயிரை வாங்குகிறது. கடுகைவிடச் சிறிசு. பகலில் தேடினால் ஒன்றும் இருக்காது. பொழுது அடைந்ததும் கிளம்பி வந்து கோழியின் ரத்தத்தைக் குடிக்கிறது. கொண்டையெல்லாம் வெளுத்து, முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. அடைகிற நேரத்தில் கோழிகள் கூட்டுக்குள் போகாமல் வெளியே நின்று கத்துகின்றன. பிளாக்கில் கொடுத்த டி.டி.டி. பொடியை முதலில் தூவியபோது பேன்கள் கொத்துக்கொத்தாக விழுந்தன. அதிலிருந்து வாராவாரம் விடாமல் தூவி வருகிறேன். இப்போது அதே பொடி அதுகளுக்குக் கோலமாவு மாதிரி ஆகிவிட்டது. அதிலேயே ஊர்ந்து போகின்றன.

நீ இந்த வீட்டில் கோழி பார்த்த காலத்தில் பேன் என்ற பேச்சே கிடையாது. என்ன செய்வாய் என்று எழுது. நடந்ததைப் பற்றி நான் பேச்சு எடுக்கவில்லை. நீயும் எடுக்காதே.

மலையாண்டி


பாம்பன்
2-6-1958

பனையேந்தல் மலையாண்டி அவர்களுக்கு,

அண்ணன்னு எழுதத்தான் உக்காந்தேன். கை வரல.

உன் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். முதத் தடவை என்ன சங்கதின்னு தெரிஞ்சுக்க. ரெண்டாந் தடவை சந்தோசத்துக்கு.

நடந்ததை எடுக்காதேங்குறே. எடுக்கத்தான் போறேன். அன்னிக்குச் சாயங்காலம் நான் கோழியைப் பஞ்சாரத்துல அடைச்சுக்கிட்டு இருந்தேன். முட்டை வாங்க வந்த மதார் அண்ணன் எப்பவும் போல வாசல்ல நின்னாரு. நீ சந்தையில இருந்து வந்தே. சந்தையில எவனோ உன் தங்கச்சியையும் முட்டை ஏவாரியையும் சேத்து ஒரு சொல்லுச் சொல்லிச் சிரிச்சானாம். சிரிச்சவனை நீ ஒன்னும் கேக்கல. வீட்டுக்கு வந்து, ஒன்னுந் தெரியாத மனுசனைப் புளிய மரத்துல கட்டி வச்சு அடிச்சே. “இனி இந்த எல்லைக்குள்ள காலு வச்சா வெட்டிப் போடுவேன்”னு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னே. நான் செவ்வந்தி தலையில கை வச்சு சத்தியம் பண்ணுனேன். நீ என்ன கேட்டே? “தாலியறுத்தவ சத்தியத்தை எந்தக் கடையில எடுத்துக்குவான்?”னு கேட்டே. ராக்கு மதினி உள்ள இருந்து என் துணி மூட்டையைத் தூக்கி வெளிய போட்டுச்சு.

அன்னிக்கு நானும் புள்ளையும் எங்க போனோம்னு ஒனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க. தேவிபட்டினத்துக்கு, மதார் அண்ணன் வீட்டுக்குத்தான் போனோம். அவரு பொண்டாட்டி உம்மு ஹபீபா, புருசன் முதுகுல மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு இருந்தவ, எந்திரிச்சு வந்து எங்களைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிப் போனா. சோறு போட்டா. “ஒங்க அண்ணனுக்குத்தான் கண்ணு இல்ல, எனக்கு இருக்கு”ன்னா. பாம்பன்ல இந்தக் குடிசையைப் பாத்துக் குடுத்ததும் அவுகதான்.

இப்ப உன் கோழிக்குக் கொண்டை வெளுத்துப் போச்சா? இன்னும் நல்லா வெளுக்கட்டும்.

அந்தப் பேனுக்கு வழி எனக்குத் தெரியும். போன வருசம் என் கூட்டுலயும் வந்துச்சு. மண்டபம் கேம்ப்புல இருக்குற மாட்டு டாக்டர் வந்து பாத்துச் சொன்னாரு. சொன்னபடி செஞ்சேன். ஒழிஞ்சு போச்சு. ஆனா ஒனக்குச் சொல்ல மாட்டேன்.

முத்தழகு


பனையேந்தல்
20-7-1958

முத்தழகுக்கு,

கடிதம் கண்டேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு பெண்பிள்ளை எழுதுகிற கடிதமா அது? ராக்கு படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் நான் பெரியவன். பெரியவன்தான் இறங்கி வர வேண்டும். ஆகையால் நீ செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடையாளமாகச் சின்னக்கருப்பன் கையில் ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். கட்டிக்கொள்.

இங்கே நிலைமை மோசம். தினமும் கோழி சாகிறது. பேன் கூட்டை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. ராக்கு கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் கட்டில் போட்டுப் படுக்கிறாள். ராமநாதபுரத்தில் வேறு பொடி வாங்கி வந்து, ரெண்டு மடங்காகத் தூவிப் பார்த்தேன். கோழிக்குத்தான் மயக்கம் வந்தது. பேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொடி விற்றவன் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்க்கிறான்.

அதிகாரிகள் வருகிற நாள் நெருங்குகிறது. பிடிவாதம் போதும். ஐயா செத்த பிறகு உன்னையும் வளர்த்து, கட்டிக் கொடுத்து, தாலி இழந்து வந்தபோது வீட்டில் வைத்துச் சோறு போட்டவன் நான். அதையாவது நினைத்து எழுது.

மலையாண்டி


பாம்பன்
3-8-1958

பனையேந்தல் மலையாண்டி அவர்களுக்கு,

நீ என்னை மன்னிச்ச சேதியைச் செவ்வந்திக்கிட்டச் சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல கையில இருந்த மாவுச்சட்டி கீழ விழுந்துருச்சு.

சேலை நல்ல சேலை. அடைக்கோழிக்குக் கீழ விரிச்சிருக்கேன்.

சோறு போட்டேன்னு எழுதியிருக்கே. போட்டே. இல்லைங்கல. விடியுமுன்ன எந்திரிச்சுக் கோழி பாத்து, மாடு பாத்து, உன் புள்ளைகளுக்குப் பேன் பாத்து நான் தின்ன சோறு அது.

இப்ப பேனுக்கு வழி சொல்றேன். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். புள்ளைக உடம்புல தடிப்புன்னு எழுதியிருந்தே. அதுக ஒன்னும் எனக்குக் கெடுதல் செய்யல. கவனமாப் படி.

முதல்ல பொடியை விடு. டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுறேன். பொடி தூவுன மொதத் தடவை பேனு எல்லாம் செத்துருச்சுன்னு நாம நெனைக்குறோம். எல்லாம் சாகறது இல்ல. கூட்டத்துல ஒன்னு ரெண்டு, பொடியைத் தாங்குற உடம்போட பொறந்தது இருக்கும். அது சாகாது. அதுதான் முட்டை வைக்கும். அந்த முட்டையில வர்றதும் அதே மாதிரி இருக்கும். நாம வாராவாரம் பொடி தூவித் தூவி, சாகறதை எல்லாம் கொன்னுட்டு, சாகாததை மட்டும் வளத்து விடுறோம். இப்ப உன் கூட்டுல இருக்குறது பூராவும் அந்த வம்சம். நீ ரெண்டு மடங்கு போட்டாலும் நாலு மடங்கு போட்டாலும் அதுக்கு ஒன்னும் ஆவாது.

ரெண்டாவது, கூட்டை எரி. பேனு கோழி மேல குடியிருக்கல. பகல்ல மூங்கில் கணுவுக்குள்ள, பனஞ்சட்டத்து வெடிப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்குது. தீனி இல்லாமலே மாசக்கணக்குல உசுரோட கெடக்கும். அதனால கோழியை மட்டும் பாத்துப் பிரயோசனம் இல்ல. கோழியை எல்லாம் வெளிய எடுத்து, புகையிலைக் கசாயத்துலயும் கந்தகத் தண்ணியிலயும் முக்கி எடுத்து, தூர வெட்டவெளியில அடை. கூடு, கோழி அடையுற கொம்பு, முட்டைக் கூடை, பஞ்சாரம் எல்லாத்தையும் போட்டுத் தீ வை. ஒரு குச்சி மிஞ்சக் கூடாது. வேற எடத்துல புதுசாக் கட்டு. நான் இதைத்தான் செஞ்சேன்.

இது சத்தியம். நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ.

முத்தழகு


பனையேந்தல்
24-8-1958

முத்தழகுக்கு,

உன் யோசனை வந்து சேர்ந்தது. ராக்குவிடமும் அவள் அண்ணன் வீரையாவிடமும் படித்துக் காட்டினேன். வீரையா சிரித்துவிட்டு, “மாப்பிள்ளை, அதிகாரிக வர்ற நேரத்துல கூட்டைக் கொளுத்தச் சொல்லுது ஒங்க தங்கச்சி. மூளைக்காரிதான்” என்றான்.

எனக்கும் விளங்காமல் இல்லை. ரோட்டில் போகிறவனெல்லாம் நின்று பார்க்கிற கூட்டை நான் என் கையாலேயே கொளுத்த வேண்டும். மதுரை அதிகாரிகள் வந்து சாம்பலைப் போட்டோ எடுக்க வேண்டும். மலையாண்டிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊர் பேச வேண்டும். அதுதானே உனக்கு வேண்டும்? பொடிக்கே பழகிப் போன பேனாம், சாகாத வம்சமாம்! மருந்து கொடுத்தால் பூச்சிக்குப் பலம் கூடும் என்று எந்த டாக்டர் சொல்வான்? நீயாகக் கட்டிய கதை. நீ சத்தியம் என்று சொன்னாலே எனக்குப் பயம்தான். உன் சத்தியத்தை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

நான் எரிக்கவில்லை. கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பால் மாதிரி வெளுப்பாக வைத்திருக்கிறேன். நோஞ்சான் கோழிகளை மாட்டுக்கொட்டத்தில் மறைத்துவிட்டு, பரமக்குடியிலிருந்து புதுக் கோழிகள் கொண்டுவந்து கூட்டில் விடப் போகிறேன். செப்டம்பர் 20ஆம் தேதி விழா. பந்தல், மேளம் எல்லாம் உண்டு. நீயும் வந்து பார்த்து வயிறு எரிந்துவிட்டுப் போகலாம்.

மலையாண்டி


பாம்பன்
9-9-1958

அண்ணே,

இந்தத் தடவை கை வந்துருச்சு. ஏன்னா இன்னிக்கு எனக்கு மனசு குளுந்துருச்சு.

நீ பேனுக்கு வழி கேட்டு எழுதுன நாள்ல இருந்து, எந்தப் பொய்யைச் சொன்னா உன் பண்ணை அழியும்னுதான் நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். எருக்கம்பாலை ஊத்தச் சொல்லலாமா, கோழிக்கு உப்பைக் கரைச்சுக் குடுக்கச் சொல்லலாமான்னு என்னென்னமோ நெனச்சேன். மதார் அண்ணன்கிட்டக்கூடச் சொன்னேன். “வேணாந்தாயி, கோழி என்ன பாவம் செஞ்சுச்சு? அல்லாஹ் பாத்துக்குவான்”னாரு. அவரு அப்படித்தான். எனக்கு அந்த மனசு இல்ல.

அப்புறம் ஒரு நாள், கூட்டைக் கூட்டிக்கிட்டு இருக்கும்போது பளிச்சுன்னு புரிஞ்சுச்சு. பொய்யே தேவையில்ல. நெசத்தைச் சொன்னாப் போதும். நான் சொல்றது நெசமா இருந்தா, நீ அதை நம்ப மாட்டே. நான் தெக்கன்னா நீ வடக்கே போவே. என் புள்ளை தலை மேல அடிச்ச சத்தியத்தையே நம்பாதவன், கோழிப்பேனு விசயத்துலயா நம்பப் போறே? அதனாலதான் ஒரு வரி விடாம, டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுனேன். புள்ளைகளுக்காகன்னு எழுதுனது மட்டும் முழுசா நெசம் இல்ல. பாதி நெசம்.

இப்பவும் ஒன்னும் கெட்டுப் போகல. இந்தக் கடுதாசி கெடைச்ச அன்னிக்கே எரிச்சீன்னா தப்பிச்சுக்கலாம். ஆனா எரிக்க மாட்டே. இதுவும் முத்தழகு பண்ணுற சூதுன்னு வீரையா சொல்லுவான். நீ தலையாட்டுவே.

புதுக் கோழியைத் தாராளமாக் கொண்டு வந்து விடு. பட்டினி கெடக்குற பேனுக்கு விருந்து.

உன் தங்கச்சி
முத்தழகு


பனையேந்தல்
16-11-1958

முத்தழகுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்கு எப்படியும் சேதி வந்திருக்கும். சின்னக்கருப்பன் வாய் சும்மா இருக்காது. அவன் கூட்டிச் சொல்லியிருப்பான். நடந்ததை நானே சொல்கிறேன்.

புதுக் கோழிகளை முதல் நாள் சாயங்காலம் கூட்டில் அடைத்தோம். காலையில் திறந்தபோது பாதிக்கோழி தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு ரத்தத்தோடு நின்றது. துடைத்து வைக்க நேரமில்லை. ஜீப் வந்துவிட்டது. மதுரை ஆபீசர் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே மாலையை வாங்கிக்கொண்டார். கூடு பிரமாதம் என்று சொல்லி, கோழி அடையும் கொம்பில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு நகர்ந்தது. சட்டைக் கைக்குள் ஏறியது. அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றி உதறினார். போட்டோக்காரன் அதையும் பிடித்துவிட்டான். பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்களும் சிரித்தார்கள்.

பலகையை அன்றே பிடுங்கிவிட்டார்கள். கூட வந்த கால்நடை டாக்டர், கூட்டைக் கொளுத்துங்கள், இது பொடிக்கு அடங்குகிற பேன் இல்லை என்று சொன்னார். நீ எழுதியதையே, உன் வார்த்தையிலேயே சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொளுத்திவிட்டேன். மாட்டுக்கொட்டத்தை மட்டும் கொளுத்தவில்லை. அதில் இருந்த கோழிகளில் தேறியது கொஞ்சம்தான். வீரையா இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை.

செவ்வந்திக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும், பையன் பாலத்து வேலையில் இருப்பதாகவும், தை மாதம் கல்யாணம் என்றும் கேள்விப்பட்டேன். நீ சொல்லி அனுப்பவில்லை. தாய்மாமன் கைபிடித்துக் கூட்டி வராமல் எந்தப் பெண் மணவறைக்குப் போயிருக்கிறாள்? நமக்குள் ஆயிரம் இருக்கலாம். மதார் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம். அதற்காக என் மருமகளுக்கு மாமன் இல்லாமல் போய்விடுமா? நான் சீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டு எழுதுகிறேன். கேட்கிறேன், பார்த்துக்கொள்.

மலையாண்டி


பாம்பன்
1-12-1958

அண்ணே,

தை 22ஆம் தேதி, புதன்கிழமை. பாம்பன் அம்மன் கோயில்கிட்டப் பந்தல். சீர் கொண்டு வா. தட்டுத் தட்டா எடுத்து, மேளம் வச்சே வா. உங்க ஊருல இருந்து ஆளுகளையும் கூட்டி வா.

மத்ததை இங்கன பாத்துக்கலாம்.

முத்தழகு


பனையேந்தல்
10-2-1959

முத்தழகுக்கு,

வீட்டுக்கு வந்து அஞ்சு நாளாச்சு.

வா வான்னு எழுதினே. நானும் நம்பி வந்தேன். ஊர்ல இருந்து பெரிய மனுசங்களைக் கூட்டி, தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, பட்டுச்சேலை, மாலைன்னு மேளத்தோட வந்து பந்தல் வாசல்ல நின்னேன். உள்ளே ஐயர், “தாய்மாமன் வாங்கோ, பெண்ணை அழைச்சுண்டு வாங்கோ”ன்னு கூப்பிட்டாரு. நான் செருப்பைக் கழட்டிட்டு ஒரு காலை உள்ளே வச்சேன். நீ எந்திரிச்சே. என்னைப் பாத்தே. நல்லாப் பாத்தே. பாத்துட்டு, அடுப்படிப் பக்கம் நின்ன மதாரோட கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, “இவருதான் என் பொறந்தவரு. இவருதான் எம்மகளுக்குத் தாய்மாமன்”னு சத்தமாச் சொன்னே.

அந்த ஆளுக்கே முகம் செத்துப் போச்சு. “வேணாந்தாயி, அண்ணன் வந்துட்டாருல்ல, அவரு செய்யட்டும்”னு கையை உதறுனான். நீ விடல. செவ்வந்தி வந்து, “மாமா, வாங்க”ன்னு அவன் கையைப் பிடிச்சா. என் மருமக. நான் தோள்ல தூக்கி வளத்த புள்ள. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு மணவறைக்குப் போனா. எங்க ஊர்ப் பெரிய மனுசங்க என் பின்னால தட்டைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. மேளக்காரன் அடிக்கவா நிறுத்தவான்னு என் முகத்தைப் பாத்தான். இதுக்குத்தானே ஆளுகளையும் கூட்டி வரச் சொன்னே?

அடிக்கிறதா இருந்தா அடிச்சிருக்கலாம். இப்படியா பண்ணுவே?

ஒன்னு சொல்றேன். தட்டை எல்லாம் திருப்பி எடுத்துட்டு வந்தேன். ஆனா சீரோட கொண்டு வந்த சேவலும் ரெண்டு பெட்டையும் இருந்த கூடையை உன் கோழிக்கூட்டுப் பக்கத்துல வச்சுட்டு வந்தேன். மறந்து வச்சுட்டு வரல. மாட்டுக்கொட்டத்துக் கோழிதான் அதுக. சீருக்குன்னு கழுவித் துடைச்சுக் கொண்டு வந்தேன். கூடையைக் கழுவல. அந்தக் கூடை பழைய கூட்டுல இருந்து மாட்டுக்கொட்டத்துக்குக் கோழி கொண்டு போன கூடைன்னு கிளம்புறப்ப எனக்கு ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டுப் போயிருக்கலாம். எடுக்கல.

பொடிக்கு அஞ்சாத வம்சம்னு எழுதினியே. இப்ப உன் வீட்டுல வளரட்டும்.

மலையாண்டி


பாம்பன்
5-3-1959

அண்ணே,

உன் கடுதாசி வந்து சேருமுன்னயே கூடை வேலையைக் காட்டிருச்சு. மறுநாளே மதார் அண்ணன்தான் யாருதோ கோழின்னு தெறந்து கூட்டுல விட்டுட்டாரு. கல்யாண வேலையில நான் கவனிக்கல. ஒரு வாரத்துல என் நாட்டுக்கோழி எல்லாம் சாயங்காலம் உள்ள போகாம வாசல்ல நின்னு கத்துச்சு. மூங்கிலைப் பிளந்து பாத்தேன். உள்ள அப்பிக் கெடந்துச்சு.

நான் யோசிக்கல. யாரையும் கேக்கல. கோழியை எல்லாம் புடிச்சு வெளிய அடைச்சுட்டு, கூட்டைக் கொளுத்திட்டேன். கொம்பு, கூடை, பஞ்சாரம், முட்டைத் தட்டு, எல்லாத்தையும் போட்டேன். இந்த ஊருக்கு வந்து மூணரை வருசம் ஒவ்வொரு கம்பாச் சேத்துக் கட்டுன கூடு. காத்து நல்லா அடிச்சுச்சு, சீக்கிரமே எரிஞ்சு முடிஞ்சுச்சு. கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த உம்மு ஹபீபா என் பக்கத்துல நின்னு அழுதா. நான் அழல. பெரிய அதிகாரியும் வரல, போட்டோவும் இல்ல, எனக்கு என்ன அவமானம்? மறுநாளே மாப்பிள்ளை பாலத்துல இருந்து பழைய கம்பியும் பலகையும் கொண்டு வந்தாரு. வேற எடத்துல கட்டியாச்சு.

அன்னிக்குப் பந்தல்ல நான் செஞ்சது தப்புன்னு மதார் அண்ணன் இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. “அவரு வந்து நின்னாருல்ல தாயி, அதுவே போதும்”ங்குறாரு. ஒன்னு சொல்றேன் கேளு. எனக்கு உன் மேல இருக்குற கோவத்துல பாதி, அந்த மனுசன் கோவப்படாததால வந்த கோவம். அடி வாங்குனவரு மறந்துட்டாரு. பாத்துக்கிட்டு நின்ன என்னால முடியல.

செவ்வந்தி உன்னைப் பத்தி ஒன்னுமே பேசல. ஒரே ஒரு தடவை, “மாமா இளைச்சுப் போயிட்டாருல்லம்மா?”ன்னா.

இப்ப முக்கியமான சேதி. உன் பண்ணை போனதுக்கப்புறம் பனையேந்தலுக்கு முட்டை எடுக்க வண்டி வர்றது இல்லையாம், பொம்பளைக முட்டையை விக்கச் சந்தைக்கு நடக்க வேண்டியிருக்காம். அவுகளே சின்னக்கருப்பன் மூலமா மதார் அண்ணனுக்குச் சொல்லி விட்டுருக்காக. “நீங்க முன்ன மாதிரி வாங்க, யாரு வெட்டுறான்னு நாங்க பாத்துக்குறோம்”னு. அவரு தயங்குனாரு. போகத்தான் வேணும்னு நான் சொல்லிட்டேன். பங்குனி மொத வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாராரு. பட்டப் பகல்ல, உங்க தெரு வழியா, ஒவ்வொரு வாசலா நின்னு கூப்பிட்டு வாங்குவாரு.

நீ என்ன செய்யப் போறேன்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். நானும் இங்கன இருந்து காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன்.

முத்தழகு


பனையேந்தல்
24-3-1959

முத்தழகு,

மதார் வந்தான்.

நான் வெளிய போகல. கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். தெரு முனையில அவன் குரல் கேட்டுச்சு. ஒவ்வொரு வீட்டுக் கதவும் தெறக்குற சத்தம் கேட்டுச்சு. பொம்பளைக எல்லாம் “வாங்க அண்ணே, உம்மு ஹபீபா சொகமா, புள்ளைக சொகமா”ன்னு சத்தம் போட்டுக் கேக்குறாளுக. எனக்குக் கேக்கணும்னே கேக்குறாளுக. அருவா கொல்லையில சொருகி இருந்துச்சு. நான் அந்தப் பக்கமே திரும்பல. இதையும் எழுதிடுறேன், நீ கேப்பே.

எங்க வாசல் வந்ததும் சத்தம் நின்னு போச்சு. நேரா அடுத்த வீட்டுக்குப் போயிருவான்னு நெனச்சேன். நின்னான். அப்ப ராக்கு கொல்லைப் பக்கமா எந்திரிச்சுப் போயி, மிச்சம் இருக்குற மூணு கோழி போட்ட முட்டையை மடியில கட்டிக்கிட்டு, என் மூஞ்சியைப் பாக்காம என்னைத் தாண்டிப் போயிக் கதவைத் தெறந்தா. என் பொண்டாட்டி. உன் மூட்டையைத் தூக்கிப் போட்டவ. “எண்ணிக்கங்க”ன்னா. அவன் ஒவ்வொன்னா வெளிச்சத்துல தூக்கிப் பாத்து வாங்கிக்கிட்டான்.

போகும்போது கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். ஆனா கதவு தெறந்து கெடந்ததால எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

“அண்ணனுக்கு ஒடம்புக்குச் சொகமில்லையா? ஆளைக் காணோமே.”

ராக்கு காசை முந்தியில முடிஞ்சுக்கிட்டா. அவன் அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்.

நாலு நாளா இதே நெனப்பா இருக்கு. முத்தழகு, வேற ஒன்னும் நான் உன்கிட்டக் கேக்கல. அப்படிக் கேளுன்னு நீ சொல்லி அனுப்புனியா, அவனாக் கேட்டானா? இதை மட்டும் எழுது. நீ என்ன எழுதினாலும் இந்தத் தடவை நம்புறேன்.

மலையாண்டி